பசிக் கோடு சிவந்தால் பதற வேண்டாம்

புதிதாக ஆட வருகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் பொம்மை உங்களைவிட நன்றாகத் தூங்க வேண்டும்.

‘கூடு’ விளையாட்டின் உதவிப் பக்கத்தில் முதல் குறிப்பு இதுதான். எழுதியவள் நான், தமயந்தி. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மிக்சி, குக்கர், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி என்று வீட்டுச் சாமான்களோடு வரும் சின்னப் புத்தகங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திறக்கவும், அந்த மாதிரி. உன் எழுத்தை யாருமே படிக்க மாட்டார்கள் என்று என் தம்பி கிண்டல் செய்வான். உண்மைதான். சும்மா இருக்கும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் ஏதாவது கோளாறு என்றால் பரண் மேலிருந்து தேடி எடுத்து, தூசி தட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்வார்கள். அதில் ஒரு வார்த்தையைக்கூடச் சந்தேகப்பட மாட்டார்கள். கட்டிய கணவன் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிற பெண்கள், முகம் தெரியாத நான் ‘ஐந்து நிமிடம் காத்திருக்கவும்’ என்று எழுதினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கூடு ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு அறை கிடைக்கும். அறையில் ஒரு பெண் பொம்மை. அதன் தலைக்கு மேல் நான்கு கோடுகள்: பசி, தூக்கம், துணை, மனசு. நன்றாக இருந்தால் பச்சை, வாடினால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. பொம்மையோடு நீங்கள் பேச முடியாது. கதவு, விளக்கு, மின்விசிறி, வெந்நீர், சாப்பாட்டுத் தட்டு, இவை மட்டும்தான் உங்கள் கையில். எப்போது எழுப்புவது, எப்போது சாப்பாடு தருவது, எந்தக் கதவைத் திறந்து எங்கே போக விடுவது என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். பொம்மை தினமும் எட்டு மணி நேரம் வேலைக்குப் போய் வரும். நான்கு கோடும் பச்சையாக இருந்து வேலையும் ஒழுங்காக நடந்தால் உங்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். இதற்கு அரை லட்சம் பேர் பைத்தியமாக இருந்தார்கள்; அறை கிடைத்தவர்கள் சில நூறு பேர்தான், மற்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் அம்மாக்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள்.

குறிப்பு எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு அறையைக் கொடுத்து நாற்பது நாள் ஆடச் சொன்னார்கள். பொம்மைக்கு அல்லி என்று பெயர் வைத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மாடிக் கதவைத் திறந்துவிட்டால் அல்லியின் மனசுக் கோடு சரசரவென்று பச்சைக்கு ஏறும். அதைப் பார்ப்பதற்காகவே ஐந்தரை எப்போது ஆகும் என்று உட்கார்ந்திருப்பேன். மாதத்தில் சில நாள் அது சுருண்டு படுத்துக்கொள்ளும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் எழுந்து வரும். நுணுக்கமாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாளோ என்னவோ, அல்லி சாப்பிட மறுத்தது. கதவை அடைத்து வைத்தேன். சாயங்காலமே தட்டருகே வந்துவிட்டது. அந்த ஒரு நாள் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து எழுதியதுதான் நான்காம் குறிப்பு.

‘பசிக் கோடு சிவந்தால் பதற வேண்டாம். பொம்மை சில சமயம் காரணம் இல்லாமல் சாப்பிட மறுக்கும். அறைக் கதவை அடைக்கவும். மின்விசிறி, பேச்சுத்துணை போன்ற மற்ற சுகங்களைக் குறைக்கவும். பொம்மை கதவருகே வந்து நிற்கும். இரக்கப்பட்டு இடையில் திறக்கக் கூடாது. திறந்தால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளும். பசி தன் வேலையைத் தானே செய்யும்.’

எனக்கே மிகவும் பிடித்த குறிப்பு அது. கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி குடித்தேன்.

நாற்பது நாள் முடிந்ததும் அல்லியின் அறை வேறொரு ஆட்டக்காரருக்குப் போயிற்று. இரண்டு நாள் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அப்புறம் வேலை வந்து மூடிக்கொண்டது.

தீபாவளி விடுமுறை முடிந்து அலுவலகம் போனபோது உதவிப் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. அனுப்பியவர் ஆறுமுகநயினார். கோவில்பட்டிப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மற்றவர்களெல்லாம் ‘ஹலோ, பொம்மை நகரவில்லை’ என்று எழுதும்போது அவர் மட்டும் ‘மதிப்பிற்குரிய குறிப்பாசிரியர் அவர்களுக்கு’ என்று ஆரம்பிப்பார்.

‘என் பொம்மையின் பெயர் அல்லி. முன்பு ஆடியவர் வைத்தது, நல்ல பெயர் என்பதால் நானும் மாற்றவில்லை. மூன்று நாட்களாகச் சாப்பிட மறுக்கிறது. மாலையில் மட்டும் பாலும் பழமும் எடுத்துக்கொள்கிறது. தங்கள் நான்காம் குறிப்பின்படி கதவை அடைத்து மின்விசிறியையும் நிறுத்திவிட்டேன். பசிக் கோடு சிவந்துதான் இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.’

அல்லி என்ற பெயரைப் பார்த்ததும் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. ஆனால் பெட்டியில் இன்னும் அறுபது கடிதங்கள். அரை நிமிடத்தில் பதில் தட்டினேன். ‘பாலையும் பழத்தையும் நிறுத்திவிடவும். அரைகுறையாகக் கொடுப்பதால்தான் பிடிவாதம் நீடிக்கிறது. இரண்டு நாளில் சரியாகும். வாழ்த்துகள்.’

மறுநாள் காலையில் ஒரு ஆசையில் அந்த அறையைத் திறந்து பார்த்தேன். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் எந்த அறையையும் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. அல்லி குளித்துவிட்டு ஒரு சுவரைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. பசிக் கோடு அடியில் ஒரு துளி சிவப்பாகக் கிடந்தது. முந்தைய நாட்களின் பதிவையும் ஓட்டிப் பார்த்தேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பழனாத்தா நிமிர்ந்து என் திரையைப் பார்த்தார்.

“ஏனுங் தமயந்தி, அந்தப் புள்ள எதுக்கு அப்புடி உக்கோந்திருக்குது?”

“அதைத்தான் நானும் பாக்கறேன். விடியக்காலையில எழுந்து குளிக்குது, கிழக்கே பாத்து உக்காருது. நாள் பூரா பட்டினி. சாயங்காலம் பாலும் பழமும். ஏதோ கோளாறு போல இருக்கு.”

“எப்பத்திருந்து இப்புடி?”

“தீபாவளி அமாவாசைக்கு மறுநாள்லேர்ந்து.”

பழனாத்தா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “அது கோளாறில்லீங், சஷ்டி விரதம்! எம் மருமவ இப்ப வூட்டுல இதே மாதிரிதான் உக்கோந்திருக்கறா. ஆறு நாளைக்குச் சோறு தொட மாட்டா. பரவால்லயே, உங்க கம்பெனில பொம்மைக்கெல்லாம் விரதம் சொல்லிக் குடுத்திருக்கீங்களாட்டருக்குது.”

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒன்று உறுத்தியது. விளையாட்டு செய்கிறவர்களை எனக்குத் தெரியும். பொங்கலுக்குக் கரும்பு வைக்கச் சொன்னதற்கே இரண்டு மாதம் இழுத்தடித்த ஆட்கள். இவர்களாவது பஞ்சாங்கம் பார்த்துப் பொம்மைக்கு விரதம் வைப்பதாவது.

எங்கள் மேலாளர் சிபி நல்ல பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. யார் பிறந்தநாளையும் மறக்க மாட்டான். அவன் அறைக்குள் போய் நேராகக் கேட்டேன்.

“அல்லிக்கு சஷ்டி விரதம் யார் எழுதினது?”

அவன் மடிக்கணினியை மூடினான். பிறகு, “கதவைச் சாத்திட்டு உக்காருங்க மேடம்,” என்றான்.

உட்கார்ந்தேன்.

“யாரும் எழுதலை.”

“அப்புறம் எப்படி இருக்குது?”

“நீங்க சொன்னதெல்லாம் எப்படி மேடம் அவ்வளவு சரியா நடக்குது? மாடிக் கதவைத் திறந்தா மனசு ஏறும், வெந்நீர் குடுத்தா வலி குறையும்னு எழுதுனீங்களே. யாரோ உக்காந்து எழுதின பொம்மைக்கு அதெல்லாம் வருமான்னு நீங்க யோசிக்கவே இல்லையா?”

நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று அப்போது தோன்றியது.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மில் இருக்கிறது, அதன் விடுதியில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் தங்கி வேலை செய்கிறார்கள் என்றான். ஒவ்வொருத்தியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. பசி, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாம் அதில் வந்துவிடும். கதவுகள், குழாய்கள், விசிறிகள் எல்லாம் கம்பி வழியே நம் ஆட்டக்காரர்கள் கையில். திரையில் தெரிவது மட்டும்தான் படம். படத்துக்குப் பின்னால் ஆள் உண்டு.

“முன்னாடி வார்டனுங்க இருந்தாங்க. ஒரு அம்மா அடிக்கும். இன்னொண்ணு கதவை வெளியே பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டு சினிமாவுக்குப் போயிரும். மனுஷங்கன்னா அப்படித்தான் மேடம், கோவம் வரும், தலைவலி வரும், வேண்டியவங்க வேண்டாதவங்க வரும். ஆட்டக்காரங்களுக்கு அதெல்லாம் இல்ல. கோடு பச்சையா இருந்தாப் போதும். இப்ப அந்தப் பொண்ணுங்க எட்டு மணி நேரம் தூங்கறாங்க. ரத்தம் ஏறியிருக்கு. டாக்டர் ரிப்போர்ட்டே இருக்கு, காட்டட்டுமா?”

“அதுங்களுக்குத் தெரியுமா?”

“பட்டை கட்டறப்பவே சொல்லியிருக்கு. உங்களை ஒருத்தர் அக்கறையாப் பாத்துக்குவாங்கன்னு.”

“சிபி, அந்தக் கதவைத் திற. நேத்திலேர்ந்து அவளுக்குப் பால்கூடக் கிடையாது. நிறுத்தச் சொன்னதே நான்தான்.”

அவன் முகம் வெளுத்தது. ஆனால் தலையை ஆட்டினான். “என்னால முடியாது. நடுவுல யார் கையும் வரக்கூடாதுன்னுதான் மில்லுல கையெழுத்தே போட்டிருக்கு. ரூம் யாருக்கோ அவர் மட்டும்தான் திறக்கலாம். அந்த வாத்தியாருக்கு எழுதுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.”

எழுதினேன். ‘உடனே கதவைத் திறக்கவும்.’ பதில் இல்லை. பதினோரு மணிக்குள் நான்கு முறை எழுதினேன். பதிவேட்டிலிருந்து அவர் எண்ணை எடுத்து அழைத்தேன், அணைத்து வைத்திருந்தார். அதற்குமேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சிபி மில்லின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள் என்று கையில் திணித்தான். காந்திபுரம் போய் பஸ் பிடித்தேன்.

மில்லுக்கு அந்த வாரம் முழுக்கத் தீபாவளி விடுமுறை. இயந்திரச் சத்தமே இல்லை. விடுதி வாசலில் ஒரு காவல்காரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டியதும் எழுந்துவிட்டார்.

“எல்லாப் புள்ளைகளும் ஊருக்குப் போயிருச்சுங். ஏழெட்டுத்தான் இருக்குது. நீங்க சொல்ற ரூமா? அது மூணு நாளா அடச்சே கெடக்குதுங்.”

“சாவி குடுங்க.”

“சாவியே கெடையாதுங்களே. பச்சை வெளக்கு எரிஞ்சா திறக்கும். செகப்பு எரிஞ்சா நாம என்ன பண்றது?”

கதவில் பிடியும் இல்லை, துவாரமும் இல்லை. மேலே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. தட்டினேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அங்கே வலை அடித்த சன்னல் ஒன்று இருந்தது.

உள்ளே ஒரு பெண் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. உதடு வெடித்திருந்தது. வெயிலில் அறை அடுப்படியாக இருந்திருக்க வேண்டும், கழுத்தெல்லாம் வியர்வை. என் அல்லி குள்ளமாக, குண்டுக் கன்னத்தோடு இருக்கும். இவள் நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருந்தாள்.

“யாருக்கா?”

“கம்பெனியிலேர்ந்து வந்திருக்கேன். உன் பேரென்னம்மா?”

“இசக்கியம்மா. சங்கரன்கோயில் பக்கம்.”

“தண்ணி இருக்கா?”

“கொழாத்தண்ணி இருக்கு. அதக் குடிச்சுக்கிட்டுதான் கெடக்கேன்.”

“எதுக்கும்மா இப்படி விரதம்?”

அவள் மணிக்கட்டுப் பட்டையை முந்தானையால் மூடிக்கொண்டு, சன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“முன்னால ஒரு ஆளு என்னப் பாத்துக்கிட்டு இருந்தாவ. யாருன்னு தெரியாது. பொம்பளையாத்தான் இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். சாயங்காலமானா மாடிக் கதவு தொறக்கும். வயித்துவலி நாள்ல நான் கேக்காமலே சுடுதண்ணி வரும். நாப்பது நாளு. பெறவு ஆளு மாறிட்டாவ. இவாளையும் குத்தம் சொல்ல முடியாது, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு உறக்கம். மாடிக்கும் அரை மணி நேரம் விடுதாவ. ஆனா அது அந்த ஆளு இல்லக்கா. அதான் முருகன்கிட்ட கேக்கேன், அந்த ஆளத் திருப்பிக் குடுத்துருன்னு.”

நான் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“வெரதம் தொடங்குன மறுநாளே கதவ அடச்சுட்டாவ. நேத்துப் பாலும் வரல. அந்த ஆளா இருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாவ.”

முப்பத்தெட்டு வயதில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். யார் திட்டும் என்னை அப்படி அறைந்ததில்லை. வெட்கத்தில் அந்தச் சுவரோரமே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது.

“இசக்கி, அது நான்தான்.”

“எது?”

“அந்த ஆளு. ஐந்தரைக்கு மாடிக் கதவு திறக்கும். மழை பேஞ்சா திறக்காது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. “நெசமாவா? நீங்களாக்கா? அப்பம் தொறங்க.”

என்னால் திறக்க முடியாது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்ப, “தொறங்கக்கா, நீங்கதான வந்துட்டியளே,” என்றாள். கதவை அடைக்கச் சொல்லி எழுதியவளும் நான்தான் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு என் கைப்பேசி அடித்தது.

“வணக்கம்மா. ஆறுமுகநயினார் பேசுதேன். கோயில்ல இருந்தேன், அதான் போனை அணைச்சு வச்சிருந்தேன். சஷ்டி விரதம் பாருங்க, எனக்கு முப்பது வருஷப் பழக்கம். நாலு கடிதம் போட்டிருக்கீங்களே, என்னம்மா?”

“ஐயா, உடனே கதவைத் திறங்க.”

“இடையில திறக்கக் கூடாதுன்னு நாலாம் குறிப்புல நீங்களே எழுதியிருக்கீங்க.” அவர் குரலில் ஒரு விளையாட்டு எட்டிப் பார்த்தது. “பரீட்சை ஏதும் வைக்கீங்களாம்மா?”

“அவ சஷ்டி விரதம் இருக்கா ஐயா. உங்களை மாதிரியே.”

அவர் கடகடவென்று சிரித்தார். “பொம்மை எங்கயாவது விரதம் இருக்குமா?”

“பொம்மை இல்லை,” என்று சொல்லிக் கைப்பேசியை வலையோடு சேர்த்துப் பிடித்தேன். “இசக்கி, உன் பேரு, ஊரு, எத்தனை நாளா சாப்பிடலைன்னு இதுல சொல்லு.”

அவள் சொன்னாள். அவர் பேசுகிற அதே ஊர்ப் பேச்சில் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து “முருகா,” என்று ஒரு குரல். பத்து எண்ணுவதற்குள் அறைக்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது. கதவு சடக்கென்று திறந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அவள் பால் குடித்தாள். அடுத்த இரண்டு நாளையும் பாலும் பழமுமாக ஓட்டி விரதத்தை முடித்தாள். முருகன் தான் கேட்டதைக் கொடுத்துவிட்டான் என்று காவல்காரம்மாவிடம் சொன்னாளாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு பெரிய ஞானம் பிறந்தது. உண்மை தெரிந்தால் போதும், மனுஷர்கள் திருந்திவிடுவார்கள். ஒரு தலைமையாசிரியர் பத்து விநாடியில் கதவைத் திறக்கவில்லையா? மறுநாள் சிபியைக் கேட்காமல் உதவிப் பக்கத்தில் இருந்த குறிப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு நான்கே வரி போட்டேன். ‘இது விளையாட்டு அல்ல. உங்கள் அறையில் இருப்பது பொம்மை அல்ல, உயிருள்ள ஒரு பெண். உங்களைப் போலவே அவளுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. இனி எந்தக் கதவையும் மூடுவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.’

வேலை போய்விடும் என்று மேசையைக் காலி செய்து வைத்தேன். சிபி முதல் இரண்டு நாள் போனும் காதுமாக அலைந்தான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு டப்பா மைசூர்பாகை நீட்டினான்.

“மேடம், ரூம் கேக்கறவங்க ரெண்டு மடங்காயிட்டாங்க. இன்னும் நாலு மில் கேக்கறாங்க. அரசாங்கத்திலேர்ந்து ஆள் வந்து பாத்துட்டு, பொண்ணுங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு பாராட்டிட்டுப் போயிட்டாங்க.”

நான் மைசூர்பாகைத் தொடவில்லை. அந்த வாரமே கடிதங்கள் வர ஆரம்பித்தன.

பொம்மை என்று நினைத்திருந்த காலத்தில் நம் ஆட்டக்காரர்கள் தாராளமாகத்தான் இருந்தார்கள். சேலத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் தன் பொம்மையை மழையில் நனைய விட்டு, மனசுக் கோடு எவ்வளவு ஏறுகிறது என்று படம் எடுத்து அனுப்புவான். ஒரு அம்மா தன் பொம்மையையும் பக்கத்து அறைப் பொம்மையையும் ஒரே கட்டிலில் உட்காரவைத்துப் பேசவிட்டுத் துணைக் கோட்டை ஏற்றுவார். விடுதிக்கு எலக்ட்ரீஷியன் வந்தால், அவனோடு நாலு வார்த்தை பேசிச் சிரிக்கட்டும் என்று வேண்டுமென்றே கதவைத் திறந்துவிடுவார்கள். புள்ளி ஏறுமே.

இப்போது வந்த கடிதங்களில் ‘என் பொம்மை’ என்ற வார்த்தையே இல்லை. எல்லாம் ‘எங்க பொண்ணு’.

‘எங்க பொண்ணு எலக்ட்ரீஷியன் பையனோடு நிற்கிறாள். எந்தக் கதவை மூடினால் இதை நிறுத்தலாம்?’ ‘எங்க பொண்ணு போனில் பேசும் நேரத்தைக் குறைக்க வழி உண்டா?’ ‘பக்கத்து அறைப் பெண் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? எங்க பொண்ணு அவளோடு ரொம்பப் பழகுகிறாள்.’ மழையில் நனையவிட்ட அந்தச் சேலத்துப் பையன் எழுதியிருந்தான்: ‘இவ்வளவு நாள் தெரியாமல் விட்டுட்டேன் மேடம். துணி ஒட்டி இருக்கும்னு யோசிக்கவே இல்லை. இனிமே அவளை மழைக்காலம் முடியும்வரை வெளியே விட மாட்டேன்.’

ஆறுமுகநயினாரின் கடிதம் ஒரு பக்கம் நீளம்.

‘மதிப்பிற்குரிய குறிப்பாசிரியர் அவர்களுக்கு. அன்று என் கண்ணைத் திறந்தீர்கள். எனக்குப் பெண் குழந்தை இல்லை என்ற குறை தீர்ந்தது. பொம்மை என்று எண்ணி வயதுப் பிள்ளையைத் தினமும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் தனியாக நிற்க விட்டிருக்கிறேன். சுற்றிலும் சாலை. ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் அந்தப் பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மாடிக் கதவை நிரந்தரமாக அடைத்துவிட்டேன். வேலை முடிந்து வந்ததும் அறைக் கதவையும் அடைத்துவிடுகிறேன். மற்ற ஆட்டக்காரர்களும் இவ்வாறே செய்யும்படி தாங்கள் ஒரு குறிப்பு எழுதினால் நன்றாக இருக்கும்.’

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவர் என்றால் போலீசுக்குப் போகலாம். மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவரை எந்த போலீஸ் பிடிக்கும்? கதவை அடைக்காதீர்கள் என்று அவருக்கு எழுதினேன். ‘தங்களுக்குப் பெண் குழந்தை இருக்கிறதா அம்மா?’ என்று மட்டும் பதில் வந்தது. என் கையில் ஒரு அறையைக் கொடு, இசக்கியின் அறையைக் கொடு என்று சிபியைக் கேட்டேன். வாத்தியார் அந்த அறையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றான்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் மறுபடி மில்லுக்குப் போனேன். காலை ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் அறைக்குத் திரும்பியிருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற கட்டடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. நடையின் இரண்டு பக்கமும் கடைசிவரை சிவப்பு விளக்கு. காவல்காரம்மா, “இப்பெல்லாம் ஒரு ரவுசும் இல்லீங், எனக்கு வேலையே கொறஞ்சுபோச்சு,” என்றார்.

பின்பக்கச் சன்னலில் இசக்கி நின்றாள். உடம்பு தேறியிருந்தது. வெடித்த உதடு ஆறியிருந்தது. தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள்.

“எப்படி இருக்கே இசக்கி?”

“நல்லாருக்கேன்க்கா. வாத்தியாரு தங்கமான மனுசன். பொறந்தநாளுக்குப் பாயாசம் வரவச்சாவ. ஒரு கொறையும் இல்ல.” கொஞ்ச நேரம் வலையின் கம்பியை விரலால் தடவினாள். “வேலை முடிஞ்சா ரூம்பு, ரூம்பு முடிஞ்சா வேலை. பக்கத்து ரூம்பு கனகாகூட உக்காந்து பேசி எட்டு நாளாச்சு. அவளப் பாத்துக்கிடுத ஆளு சன்னலக்கூடத் தொறக்க விடலியாம். எப்பம்க்கா விடுவாவ?”

“எனக்குத் தெரியல.”

“எங்க வீட்டுல இப்படி வச்சிருந்தாவன்னுதான் நான் வேலைக்கே வந்தேன்.”

நான் நல்லது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

“தெரியும்க்கா. உங்கள ஒண்ணும் சொல்லல.” அவள் பட்டையை முந்தானையால் மூடினாள். “ஒண்ணே ஒண்ணு செய்வியளா?”

“சொல்லும்மா.”

“நாங்கல்லாம் வெறும் பொம்மைதான்னு திரும்பவும் எழுதிப் போட்டுருங்களேன்.”

மறுநாள் காலையில் முதல் வேலையாக எழுதிப் போட்டேன். ஒருவர்கூட நம்பவில்லை.